முன்னால் சிறிசு, பின்னால் பெரிசு

சென்னிமலை ஆண்டவர் சாட்சியாகக் கற்பூரம் அணைத்துச் சொல்வது: கீழே வருவதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. குறைத்துச் சொன்ன இடங்கள் சில உண்டு. கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆவணியில் பழனாத்தாள் மகளுக்குச் சென்னிமலை அடிவாரத்து மண்டபத்தில் கல்யாணம். நடத்திவைக்க வேண்டிய அருமைக்காரர் சிங்காநல்லூர் ஐயாசாமி. அருமைக்காரர் பலகையில் உட்கார்ந்து அருகம்புல் எடுத்து ஆசீர்வாதம் பண்ணினால்தான் அங்கே சடங்கே தொடங்கும். ஐயாசாமி ஊரைக் கூட்டி விருந்து போட்டு அந்தத் தகுதிக்கு வந்து இன்னும் ஒரு கல்யாணம்கூட நடத்தியிருக்கவில்லை. இதுதான் முதல்.

நேரத்துக்குப் போகாவிட்டால் உட்காருவதற்குக் காங்கேயத்துக் காளிச்சாமி இருந்தார். அவரும் அருமைக்காரர்தான். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யார் வருகிறார்கள் என்று பார்க்காமல், யார் வரவில்லை என்று பார்க்கிற ஆள். முதல் கல்யாணத்திலேயே அவரிடம் பலகையை விட்டுவிட்டால் ஆயுசுக்கும் தன்னை ஒருத்தரும் கூப்பிடமாட்டார்கள் என்பது ஐயாசாமிக்குத் தெரியும். அதனால்தான் மச்சினன் சென்னகிருஷ்ணன், "பஸ்ஸெல்லாம் எதுக்குங்க மச்சான், நம்ம ஜீப்புல போயிரலாமுங்க" என்றபோது தலையாட்டினார்.

ஜீப் பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. நாலு சக்கரமும் இழுக்கும். மேலே தகரக் கூடு, இரண்டு பக்கமும் தகரக் கதவு. காலையில் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்ததுமே ஐயாசாமிக்கு என்னவோ உறுத்தியது.

"ஏன் மாப்ள, வண்டி குனிஞ்சு கும்புடறாப்பல நிக்குது?"

"டயர் மாத்திப்போட்டனுங்க. முன்னால சிறுசு, பின்னால பெருசு. நம்ம டிராக்டரு அப்படித்தானுங்களே இருக்குது? அது எந்தச் சேத்துலயாவது நின்னிருக்குதுங்களா?"

பெரிய டயரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவர் உக்கடம் டயர் வியாபாரி அப்துல் வஹீது. பழனாத்தாள் குடும்பத்துக்கு வேண்டியவர் என்பதால் அவரும் கல்யாணத்துக்குப் புறப்பட்டு முன் சீட்டில் இருந்தார்.

"பின்னால உசரமா இருக்கறது உங்களுக்குத்தானுங்க மரியாதை. பல்லக்குல போறாப்பல இருக்கும்" என்றார் வஹீது.

ஐயாசாமி தேங்காய் பழத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறினார்.

குளத்தங்கரையில் மழைச் சேறு. சென்னகிருஷ்ணன் காலடியில் இருந்த குட்டைக் கம்பியை இழுத்து நாலு சக்கரத்தையும் ஒன்றுசேர்த்தார். வண்டி எருமை மாதிரி சேற்றைக் கடந்தது. தார் ரோட்டில் ஏறியதும் கம்பியைப் பழைய இடத்துக்குத் தள்ளினார். வரவில்லை. உதைத்தார். அப்போதும் வரவில்லை.

"கெடக்கட்டுமுங்க. நாலும் இழுத்தா இன்னும் வெரசலாப் போகும்."

சூலூர் தாண்டியபோது ஐயாசாமியின் முழங்கால் முன் சீட்டின் முதுகில் முட்டியது. காலையில் சாப்பிட்ட பணியாரத்தின் மேல் சந்தேகப்பட்டு அடக்கமாக உட்கார்ந்தார். வண்டிக்கு அடியில் யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் முழங்கால் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. மடியில் இருந்த தட்டு நெஞ்சோடு ஒட்டி நின்றது. தேங்காய்க் குடுமி தாடையைக் குத்தியது.

"மாப்ள, சீட்டை முன்னால தள்ளு."

"நான் அசையவே இல்லீங்க மச்சான். நீங்கதான் நெருக்கி வாரீங்க."

பல்லடத்தில் நிறுத்தினார்கள். இறங்கலாம் என்று ஐயாசாமி கதவைத் தள்ளினார். கதவு நிலைக்குள் இறுகிக் கிடந்தது. மற்ற கதவும் அப்படியே. ஏறும்போது சதுரமாக இருந்த ஜன்னல் இப்போது ஒரு முறம் செங்குத்தாகப் போகிற அகலத்துக்கு வந்திருந்தது. டீக்கடைக்காரர் அதன் வழியாக டம்ளரை நீட்டிவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, இது புது மாதிரி ஆட்டோவுங்களா?"

வஹீது டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே, டயர் விற்கிற குரலில் விஷயத்தைச் சொன்னார்.

"பெரிய சக்கரம் ஒரு சுத்துக்கு ஒம்போதடி போகுமுங்க. சின்னது எட்டடிதான் போகும். ஆனா நடுவுல இருக்கற பெட்டி, நாலும் ஒண்ணாச் சுத்தோணும்னு புடிச்சு வெச்சிருக்குது. அப்ப மிச்ச ஒரு அடி எங்க போகுமுங்க? வண்டிக்குள்ளதான் வரும். பின்னாடி முன்னாடிய நெருக்குது."

"இதை வாங்கறப்பவே சொல்லியிருக்கலாமில்ல பாய்?" என்றார் ஐயாசாமி.

"வாங்கறப்ப நான் வெளியிலிருந்து பாத்தனுங்க. உள்ள இருந்து பாத்தாத்தான் தெரியுது."

ஒரு சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினால் இறுக்கம் அவிழ்ந்துவிடும் என்றும் அவர் சொன்னார். ஜாக்கி ஐயாசாமியின் சீட்டுக்கு அடியில் இருந்தது. அவரால் கையைக் கீழே கொண்டுபோக முடியவில்லை. கை எங்கே இருக்கிறது என்பதே அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. வேறு ஜாக்கி தேடினால் முகூர்த்தம் போய்விடும். ஜன்னல் வழியாக அவரை எடுக்கலாம் என்றால், தலை மட்டும்தான் கல்யாணத்துக்குப் போகும்.

"ஓட்டு மாப்ள" என்றார்.

காங்கேயம் வரும்போது ஐயாசாமியின் மூக்கு வஹீதின் பிடரியில் இருந்தது. அவர் போட்டிருந்த அத்தர் வாசனையைத் தவிர மூச்சில் வேறு காற்று இல்லை. நெஞ்சு பாதிதான் விரிந்தது. அந்தப் பாதி மூச்சோடு ஜன்னல் பிளவில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். காளிச்சாமி வீடு பூட்டியிருந்தது. வாசலில் எப்போதும் நிற்கிற அம்பாசடர் இல்லை.

"மாப்ள, நிறுத்து. முன்னால போனாச் சுருங்குதுன்னா, பின்னால போனா நீளோணுமில்ல?"

"நீளுமுங்க மச்சான். ஆனா பின்னால போனா நாம சிங்காநல்லூருக்கில்லீங்க போயிருவோம்."

முன்னால் போனால் இடமில்லை. பின்னால் போனால் கல்யாணமில்லை. ஐயாசாமி தேங்காய்க்கு மேலாகத் தாடையைத் தூக்கி, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துச் சொன்னார்:

"வண்டியத் திருப்பி நிறுத்து. சென்னிமலைக்குப் புட்டத்தைக் காட்டிட்டு ரிவர்ஸ்லயே போ."

கட்டில் நீளத்துக்கு வந்துவிட்ட ஜீப்பைத் திருப்ப ஒரு வளைவுகூடத் தேவைப்படவில்லை. சென்னிமலை ரோட்டில் பின்பக்கமாகக் கிளம்பியது. எதிரே வந்த பஸ் டிரைவர்கள் ஓரம் கட்டிக் கும்பிட்டார்கள். முதல் மைலில் மூக்கு பிடரியை விட்டு விலகியது. அடுத்த மைலில் தட்டு மடிக்கு இறங்கியது. முழங்கால் நேரானபோது ஐயாசாமி வாய்விட்டு ஒரு மூச்சு விட்டார். அப்புறமும் வண்டி நீண்டுகொண்டே போனது. கம்பி இன்னும் அவிழவில்லை.

"மச்சான், சௌகரியமா இருக்குதுங்களா?" என்ற சென்னகிருஷ்ணனின் குரல் அடுத்த தோட்டத்திலிருந்து வருகிற மாதிரி கேட்டது.

மண்டபத்துப் பந்தலுக்குள் ஐயாசாமியின் பின் சீட் நுழைந்தபோது, ஸ்டியரிங் பிடித்திருந்த சென்னகிருஷ்ணன் இன்னும் தெருமுனை பெட்டிக்கடைப் பக்கம்தான் இருந்தார். நிறுத்தச் சொல்லி ஆள்மாற்றி ஆள் சொல்லி அனுப்ப வேண்டியதாயிற்று. நிலை அகன்றுபோனதில் கதவு தானாகக் கழன்று விழுந்தது. ஐயாசாமி தட்டோடு இறங்கினார்.

"ஏனுங்கண்ணா, நீங்க ஜீப்புல வந்தீங்களா, ரயில்ல வந்தீங்களா?" என்றாள் பழனாத்தாள்.

"ஜீப்புதான் அம்மணி. முன் சீட்டுக்காரங்க பின்னால வாராங்க. அவங்களுக்கும் எலை போட்டு வெய்யி."

காளிச்சாமி பலகையில் பாதி உட்கார்ந்திருந்தார். மீதிப் பாதியை உட்காருவதா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தவர், எழுந்தார்.

"உங்களுக்காகப் பலகையச் சூடாக்கிட்டு இருந்தனுங்க" என்றார்.

"ஆறிப்போகறதுக்குள்ள வந்துபோட்டன் பாருங்க" என்று சொல்லி ஐயாசாமி உட்கார்ந்தார். அருகம்புல்லை எடுத்தார். முகூர்த்தம் தவறவில்லை.

சென்னகிருஷ்ணன் அந்த ஜீப்பை ஏலத்தில் எடுத்தது அதற்கு அடுத்த வருஷம், தை மாதம்.