அஜ்மலின் ஒரே கோப்பு

நாவலூரில் அந்தச் சின்ன மென்பொருள் கம்பெனியில் அஜ்மலின் பயிற்சிக்காலம் அன்றோடு முடிகிறது. அவனை வேலைக்கு வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று டீம் லீடர் பரணிதரன் சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும்.

அங்கே எல்லாரும் கறுப்புத் திரையில் கட்டளை தட்டும் கருவி ஒன்றில் வேலை செய்கிறவர்கள். அந்தக் கருவியோடு ஆளாளுக்கு எக்ஸ்டென்ஷன் என்னும் கூடுதல் வசதிகளை ஒட்டவைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்புக் கோப்பு. புதிதாக யாராவது சேர்ந்தால் அவற்றை அமைப்பதற்குள் உயிர் போய்விடும். அத்தனையையும் ஒரே கோப்புக்குள் அடக்கியிருந்தான் அஜ்மல். மாலை வகுப்பில் படித்ததை மட்டும் நம்பி இறங்கிய வேலை. தன்மேல் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் ஒவ்வொரு படியையும் எழுதிவைத்து, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருந்தான். ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை.

"இது மட்டும் ஓடட்டும் அஜ்மலு, திருப்போரூர் வரைக்கும் உன்ன தூக்கினு போறேன்" என்று தன் புது லேப்டாப்பை அவன் பக்கம் நகர்த்தினாள் ஜெஸ்ஸி. அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"பாத்து, வெய்ட்டா இருப்பான்" என்றான் பரணிதரன். "தட்டு மச்சான்."

அஜ்மல் தட்டினான். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. ஒரு எக்ஸ்டென்ஷனும் ஏறவில்லை.

"இன்னாடா இது? உன் மெஷின்ல ஓடுச்சுன்ன?" என்றான் பரணிதரன்.

"ஓடுச்சுண்ணா. சத்தியமா ஓடுச்சு."

"பழைய ஃபைலுங்கள அழிச்சிட்டு ஓட்னியா?"

அஜ்மல் தன் மெஷினைத் திறந்து பார்த்தான்; பழைய கோப்புகள் அப்படியே கிடந்தன. அழிக்கவில்லை. ஏதாவது கெட்டுப்போனால் திரும்பிப் போக வழி வேண்டுமே என்ற பயம். கருவி அவன் எழுதிய புதுக் கோப்பைத் தொடக்கூட இல்லை. பழைய கோப்புகளைப் படித்தே இத்தனை நாளும் ஓடியிருக்கிறது.

"ஒரு மணி நேரம் குடுண்ணா, சரி பண்ணிட்றேன்."

"வேணாம் அஜ்மல். நாளைக்கு கஸ்டமர் வர்றாங்க. பழையபடியே போட்டுடு." முகத்தைப் பார்க்காமல் எழுந்தான் பரணிதரன். "ஹெச்.ஆர். உனக்கு மெயில் போடுவாங்க."

"மெயிலா?"

"ஆமா."

அவன் போனபிறகு ஜெஸ்ஸி சங்கடமாக நாற்காலியை ஒதுக்கி இடம் விட்டாள். அத்தனை பழைய கோப்புகளையும் சேர்த்துச் சரியாக ஏற்றத் தெரிந்தவன் அங்கே அஜ்மல் ஒருவன்தான்.

"மொதல்ல எத போடணும்?" என்றாள்.

அவன் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான்.