முன் சீட்டு

மேலாளர் ஏறுவதற்கு முன்னால் முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி வைத்துவிட வேண்டும். அவருக்குக் கால் நீளம், கோபம் அதைவிட நீளம். முழங்கால் இடித்துவிட்டால் அன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் யாராவது ஒருவர் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் பொழுது போகாது. ஆகவே அவர் வீட்டு வாசலில் கார் நிற்கும்போதே சீட்டு தள்ளியிருக்கும், ஏசிக் காற்று முகத்தில் அடிக்காதபடி திருப்பியிருக்கும், அவருக்குப் பிடித்த பழைய பாட்டு சன்னமாக ஓடிக்கொண்டிருக்கும். தன் சொந்தக் கல்யாணத்துக்குக்கூட சாம்பல் இத்தனை முன்னேற்பாடு செய்ததில்லை.

சாம்பல் என்பது பட்டப்பெயர். அந்தப் பெயின்ட் தொழிற்சாலையில் நிறம் சேர்க்கிறவர்களுக்கெல்லாம் ஏதாவது ஒரு நிறம் பெயராக வந்து ஒட்டிக்கொள்ளும். வாடிக்கையாளர் சாம்பல் நிறப் பழைய கதவுத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, இதே மாதிரி வேண்டும் என்பார். கறுப்பையும் வெள்ளையையும் துளித்துளியாக விட்டு அந்தச் சாம்பலை அச்சு அசலாகக் கொண்டுவருவதில் இவனை மிஞ்ச ஆளில்லை. இவனோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த நண்பனுக்குச் சிவப்பு என்று பெயர். அது நிறம் சேர்த்து வாங்கிய பெயர் அல்ல. யாரோடாவது வாக்குவாதம் வந்துவிட்டால் அவனுக்குக் காது இரண்டும் சிவந்துவிடும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. தான் சேர்த்த நிறத்தைத் தானே சரி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. இன்னொருவர் அந்த நிறம் பூசிய தகட்டை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்து, தலையாட்டினால்தான் அது வெளியே போகும். அந்த இன்னொருவருக்கு 'ரெண்டாங்கண்' என்று பெயர். சாம்பலுக்கு ரெண்டாங்கண் சிவப்பு, சிவப்புக்குச் சாம்பல். முதலாளிக்கு இந்த வழக்கத்தில் அப்படி ஒரு பிடிப்பு. ஆள் விஷயத்திலும் அவர் அப்படித்தான் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். சாம்பல் அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அந்த முன் சீட்டில் முன்பெல்லாம் உட்கார்ந்து வந்தது சிவப்புதான். வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசுவான், வேர்க்கடலைத் தோலைக் காருக்குள்ளேயே போடுவான், "மாப்ள, உன் வண்டிய விட மாட்டு வண்டி வேகமா போகும்" என்பான். பெட்ரோல் போடும் முறை வந்தால் மட்டும் இவனுக்கு முன்னால் பணத்தோடு இறங்கி நிற்பான்.

பிறகு இரண்டு காரியங்கள் அடுத்தடுத்து நடந்தன. மேலாளருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகி, இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். தொலைவில் புதுத் தொழிற்சாலை வரப்போகிறது, அதன் ஆய்வுக்கூடத்துக்கு இங்கிருந்தே ஒருவரைத் தலைவராக அனுப்பப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. சாம்பலுக்கு அந்த நாற்காலி வேண்டும். இதை விட்டால் ஓய்வு பெறும் வரைக்கும் அதே ஸ்டூல், அதே டப்பா, அதே கதவுத் துண்டு என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சமயம் பார்த்து அவன் செல்போனில் கோட்டுப் போட்ட ஒரு ஆசாமியின் பேச்சைக் கேட்கத் தொடங்கியிருந்தான். திறமை மட்டும் போதாது, மேலே இருக்கிறவர்களோடு உறவை வளர்த்துக்கொள்ளுங்கள், அவர்களுக்குத் தவிர்க்க முடியாத ஆளாகிவிடுங்கள் என்று அந்த ஆசாமி கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

"இதைத்தானே எங்கப்பா காக்கா பிடிக்கிறதுன்னு சொல்வாரு" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்குத் தெரியாதுதான். அந்தக் காக்காவுக்குத் தெரியாம இருக்கணும்."

சாம்பல் மேலாளரிடம் போய், தினமும் நானே கூட்டிக்கொண்டு போகிறேன் சார் என்றான். மேலாளர் வேண்டாம் என்றுகூட ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. இப்போது இடைஞ்சலாக இருந்தது சிவப்பு. அவனைப் பின் சீட்டில் போட்டாலும் அவன் வாயைப் பின் சீட்டில் போட முடியாது. போன வாரம் விட்ட சரக்கு சரியில்லை சார், நீங்க அவசரப்பட்டுட்டீங்க என்று மேலாளர் பிடரிக்குப் பின்னால் இருந்தே சொல்லிவிடுவான். அவனைக் கழற்றிவிட்டாக வேண்டும். முகத்துக்கு நேராகச் சொல்ல சாம்பலுக்குத் துணிச்சல் இல்லை. துணிச்சல் இல்லாதவன் என்ன செய்வான், பொய் சொல்வான்.

"மச்சான், உன்கிட்ட மட்டும் சொல்றேன். வெளிய மூச்சு விடாத. வீட்டுல அவளுக்குக் கிட்னியில கோளாறு. காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வரணும். அது மேலாளர் வீட்டுப் பக்கம், வர்ற வழியில அவரையும் ஏத்திக்கச் சொல்லிட்டாரு. இனிமே உன்னைக் கூட்டிட்டு வர முடியாதுடா."

சிவப்பு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அப்புறம், "தங்கச்சிக்கா?" என்றான். அவனுக்குக் கூடப் பிறந்தவள் கிடையாது. சாம்பலின் மனைவியைத்தான் கல்யாணம் ஆன நாளிலிருந்து தங்கச்சி என்பான்.

"வீட்டுக்கு வந்து பாக்குறேன்டா."

"வேணாம் மச்சான். யாருக்கும் தெரியக் கூடாதுங்குறா. நீயும் உன் வீட்டுக்காரியும் போன்லகூடக் கேட்டுடாதீங்க. உடைஞ்சு போயிடுவா."

அன்றிலிருந்து சிவப்பு கம்பெனி பஸ்ஸில் வந்தான். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வாரா வாரம் முற்றத்து வெயிலில் தகட்டைப் பார்க்கும் சாக்கில் சிவப்பு, "தங்கச்சி எப்படி இருக்கு?" என்பான். சாம்பல் ஒரு வாரம் பரவாயில்லை என்பான், மறு வாரம் கால் வீங்கியிருக்கிறது என்பான். சாயங்கால ஷிப்ட் இவனுக்கு வந்தால், "நீ கெளம்பு மாப்ள, தங்கச்சி தனியா இருக்கும். நான் பாத்துக்கறேன்" என்று சிவப்பு தானே எடுத்துக்கொள்வான். சாம்பல் கிளம்புவான். கிளம்பிப் போய் மேலாளர் வீட்டு மிக்சியை ரிப்பேருக்குக் கொடுப்பான், அவர் மகளை டியூஷனில் விடுவான். முதலில் ஓரிரு தடவை மனசு உறுத்தியது. அப்புறம் பழகிவிட்டது.

சிவப்பின் மனைவியை அண்ணி என்று அழைக்கும் இவன் மனைவிக்கு வீட்டில் ஒரே குறை. "அண்ணி ஏங்க இப்பல்லாம் போனே பண்றதில்ல? நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவங்களுக்கு என்ன வேலையோ என்று சாம்பல் மழுப்பினான்.

பிறகு ஒரு நாள் மேலாளரைக் குடும்பத்தோடு விருந்துக்கு அழைத்தான். மனைவி காலையிலிருந்து நின்று சமைத்து, சாப்பாட்டு மேசையை ஒற்றை ஆளாக இழுத்துப் போட்டு, எல்லோருக்கும் பரிமாறினாள். "உன் வீட்டுக்காரம்மாவுக்கு நல்ல தெம்புப்பா" என்றார் மேலாளர், ஏப்பத்தை அடக்கிக்கொண்டு. கார் ஏறும்போது சாம்பலின் தோளில் தட்டி, "கவலைப்படாத. நான் இருக்கேன்ல" என்றார். அன்று இவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

புது ஆய்வுக்கூடத்துக்கு ஆள் பார்க்கும் நாள் வந்தது. முதலாளி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். பக்கத்தில் மேலாளர். சாம்பலிடம் முதலாளி நன்றாகத்தான் பேசினார், சிரிக்கக்கூடச் செய்தார். கடைசியில் சிவப்பைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனவன் வெகுநேரம் வரவில்லை. வெளியே வந்தபோது காது இரண்டும் செக்கச் சிவந்திருந்தன. இவன் முகத்தைப் பார்க்காமல் முற்றத்துக்குப் போய் நின்றுகொண்டான். சரி, உள்ளேயும் சண்டை போட்டுவிட்டான், ஒரு ஆள் ஒழிந்தது என்று சாம்பல் நினைத்தான். உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுநாள் அறிவித்தார்கள். புது ஆய்வுக்கூடத்துக்குத் தலைவர் சிவப்பு.

சாம்பலின் முகத்தில் ஈயாடவில்லை. சாயங்காலம் காரில் மேலாளர், "என்ன பண்றது, முதலாளி முடிவு" என்று மட்டும் சொல்லிவிட்டு பாட்டைக் கேட்டுக்கொண்டு வந்தார். சாம்பலுக்கு வயிறு எரிந்தது, எல்லாம் சிவப்பின் மேல். கூட இருந்தே குழி பறித்துவிட்டான் என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே ஓட்டினான். அந்தச் சிவப்பு அடுத்த நாள் இவனிடம் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றோம் மாப்ள. வேணாம்னு சொல்லாத. தங்கச்சிய பாக்காம என்னால போக முடியாது" என்றான்.

ஞாயிறு காலையில், வேறு வழியில்லாமல், சாம்பல் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் முதலில் விளையாட்டு என்று நினைத்தாள்.

"கிட்னியா?"

"ம்."

"ரெண்டுமா?"

"ஒண்ணுதான்."

"ஒண்ணையாவது விட்டு வச்சீங்களே" என்றாள். பிறகுதான் அவள் முகம் மாறியது. "அண்ணி ஏன் போன் பண்ணலைன்னு நான் தினம் கேட்டேனே. கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க?"

"இன்னிக்கு ஒரு நாள் படுத்துக்க. ஒரு மணி நேரம். அவன் போயிடுவான், அதோட முடிஞ்சுது. இல்லன்னா என் மானம் போயிடும்."

அவள் முடியாது என்றாள். வெளியே ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சிவப்பின் மனைவி யாரிடமோ, பார்த்துப் பிடிங்க, கொட்டிடாம என்று சொல்லும் குரல் கேட்டது. அந்தக் குரலைக் கேட்டதும் என்ன நினைத்தாளோ, விடுவிடென்று போய்க் கட்டிலில் படுத்துக் கழுத்து வரைக்கும் போர்த்திக்கொண்டாள்.

சிவப்பின் மனைவி ஒரு தூக்கில் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். "உப்பே போடல, பயப்படாம குடி" என்று கட்டிலில் உட்கார்ந்து கரண்டியால் ஊட்டினாள். வீங்கியிருக்கிறதா என்று போர்வையை விலக்கிக் காலைத் தொட்டுப் பார்த்து, "இப்ப வத்தியிருக்கே" என்று சந்தோஷப்பட்டு, அந்தக் காலை மடியில் வைத்துப் பிடித்துவிட்டாள். அந்த உப்பில்லாத கஞ்சியை சாம்பலின் மனைவி ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வந்தவள் அதை நோயின் வேதனை என்று எடுத்துக்கொண்டு முந்தானையால் துடைத்துவிட்டாள்.

சிவப்பு கட்டில் ஓரம் நின்றபடியே சொன்னான்.

"மாப்ள, உனக்குத் தெரியணும். முதலாளி முதல்ல வச்சிருந்தது உன் பேரைத்தான். என்னைக் கூப்பிட்டதே அதுக்குத்தான். 'சாம்பலை அனுப்புறதா முடிவு பண்ணிட்டேன். நீ அவனுக்கு ரெண்டாங்கண். ஏதாவது இருந்தா சொல்லு'ன்னாரு. வேலையில அவனுக்கு ஈடே இல்லன்னேன். ஆனா அங்க சுத்துவட்டாரத்துல ஒரு பெரிய ஆஸ்பத்திரி கிடையாதுடா. பணத்துக்கும் பதவிக்கும் ஆசைப்பட்டு நீ போயிட்டா, ராத்திரி தங்கச்சிக்கு ஒண்ணுன்னா எங்க தூக்கிட்டு ஓடுவ? மனசு கேக்கல. மூச்சு விடாதன்னு நீ சொன்னதை மீறி, தங்கச்சி உடம்பைப் பத்தி முதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

"மேலாளர் பக்கத்துலதான இருந்தாரு?" என்றான் சாம்பல்.

"அவரும் சொன்னாரு. 'ஆமா சார், நானே கண்ணால பாக்குறேன், அந்தப் பொண்ணு எந்திரிச்சு நிக்கவே முடியாம கஷ்டப்படுது'ன்னு. அதுக்கப்புறம்தான் முதலாளி நம்பினாரு. நான் வேணாம்னுதான் சண்டை போட்டேன், என் தலையில கட்டிட்டாங்க. மன்னிச்சுக்க மாப்ள."

எழுந்து நிற்க முடியாத அந்தப் பொண்ணு இழுத்துப் போட்ட மேசையில் உட்கார்ந்துதான் மேலாளர் வயிறாரச் சாப்பிட்டார். சாம்பலுக்கு எல்லாம் விளங்கியது. வேறொரு ஓட்டுநரைத் தேட அவருக்குச் சோம்பல், அவ்வளவுதான். தவிர்க்க முடியாத ஆளாகிவிட வேண்டும் என்று பாடுபட்டு, கடைசியில் ஆகியும்விட்டான்.

சிவப்பைக் கட்டிக்கொண்டு அழலாம் என்று இருந்தது. அழுதால் ஏன் என்று சொல்ல வேண்டும். "பரவாயில்ல மச்சான்" என்றான்.

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தான். மனைவி அப்படியே படுத்திருந்தாள்.

"எந்திரி. போயிட்டாங்க."

"எனக்கு நெசமாவே முடியலைங்க" என்றாள் அவள், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு. அன்று முழுக்க அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை சாம்பல் மேலாளர் வீட்டு வாசலில் காரை நிறுத்தினான். சீட்டைத் தள்ளி வைக்கவில்லை, பாட்டும் போடவில்லை. அவனால் காட்ட முடிந்த கோபம் அவ்வளவுதான். மேலாளர் ஏறினார், முழங்கால் இடித்தது, ஆனால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"வீட்டுல உடம்பு இப்ப எப்படி இருக்கு?"

இத்தனை நாளில் அவர் இவன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. சாம்பல் திரும்பிப் பார்த்தான். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்களுக்குத் தெரியாதா சார் என்று கேட்டுவிடலாம். கேட்டால் அவர் முதலாளியிடம் சொல்வார், முதலாளி வாயிலிருந்து அது சிவப்புக்குப் போகும், சிவப்பிடமிருந்து கஞ்சி கொண்டுவந்தவளுக்குப் போகும். அதைத் தாங்க இவனால் ஆகாது.

"கொஞ்சம் பரவாயில்ல சார்."

"பாத்துக்க. இந்த மாதிரி நேரத்துல தூரமா எங்கயும் போக நினைக்காத" என்ற மேலாளர், கீழே கையை விட்டு சீட்டைத் தானே பின்னுக்குத் தள்ளி, காலை நீட்டிக்கொண்டார். "பாட்டைப் போடுப்பா" என்றார்.

சாம்பல் போட்டான்.