டிரையருக்குப் பின்னால்

கதவு திறந்ததுமே அந்த வாடை மெக்கானிக்கின் முகத்தில் வந்து அப்பியது. மூத்திரம், அதன் மேல் ஊற்றிய ஃபினாயில், அதற்கும் மேலே காயாத துணியின் முடைநாற்றம். வாசலிலேயே ஒரு முழு மூச்சை இழுத்து நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டு உள்ளே நடந்தார். கூடத்தைத் தாண்டுவதற்குள் அது தீர்ந்துபோயிற்று.

கடையில் அவருக்கு மூக்கர் என்று பட்டப்பெயர். கூட வேலை பார்ப்பவர்களின் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறப்பதற்கு முன்பே எது ஊசிப்போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். "ஊரார் அழுக்குத் துணி மெஷினைக் கட்டிக்கிட்டு அழற பொழப்புக்கு இந்த மூக்கோட ஏன்யா வந்தே?" என்று முதலாளி கேட்டுச் சிரிப்பார். இவரும் இருபது வருஷமாகக் கூடச் சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டுக்கு அவர் வருவது இது இரண்டாம் தடவை. கீழ்த்தளத்தில் அப்பாவும் மகளும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இடது பக்கம் விழுந்துவிட்டது, எல்லாமே படுக்கையில்தான். மகளுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. மாடியில் அவளுடைய தம்பி தனியாக இருந்தான். ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கிறவன்.

"டிரையர் மறுபடியும் படுத்துக்கிச்சு தம்பி," என்றாள் மகள். "டிரம் சுத்துது, சூடு ஏற மாட்டேங்குது, துணி காயல. கொஞ்ச நேரத்துல அதுவா நின்னுடுது. காலையில ஆறு மணிக்குப் போட்டா ஒழுங்கா ஓடுது. ஒன்பது மணிக்கு மேல போட்டாத்தான் இந்தச் சனியன்."

"துணியக் குறைச்சுப் போடச் சொன்னேனே."

"ரெண்டு விரிப்புக்கு மேல போடறதே இல்ல. நீங்க சொன்னதுலேர்ந்து அப்படித்தான். அதனால நாள் பூரா இதுகிட்டயே நிக்கிறேன்."

சலவை அறை வீட்டின் பின்பக்கம் இருந்தது. ஒரே ஒரு ஜன்னல். மழைச் சாரலுக்காக அதையும் சாத்தியிருந்தார்கள். ஐந்து நாளாக மழை விடவில்லை. தரையில் நான்கு கூடைகள் நிறைய ஈர விரிப்புகள். எல்லாம் துவைத்தவைதான். ஆனாலும் துவைத்த துணி இரண்டு நாள் கூடையிலேயே கிடந்தால் துவைக்காததைவிட மோசமாகிவிடுகிறது. மேலாகக் கிடந்த விரிப்பில் போகாத மஞ்சள் கறை ஒன்று வரைபடத்தில் ஒரு நாடு மாதிரி பரவியிருந்தது. மெக்கானிக் அந்தக் கூடையைக் காலால் ஓரம் தள்ளினார். மகள் அதைப் பார்த்தாள். குனிந்து, கூடையைத் தன் கையால் தூக்கி வைத்தாள்.

அவருக்குக் காது சூடாயிற்று. வேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

முதலில் கதவு ஸ்விட்ச். கதவை மூடினால் டிக் என்று சத்தம் வந்தது, சரி. முன்பக்கத்துக் கீழ் மூடியைக் கழற்றினார். போன தடவை அவரே மாற்றிய ஃபியூஸ் அங்கே இருந்தது. அளவுக்கு மீறிச் சூடானால் மெஷினை நிறுத்துவதற்கென்று உள்ளது. மீட்டரை வைத்தார், அதுவும் நன்றாக இருந்தது. ஹீட்டர் சுருளும் அறுந்திருக்கவில்லை. மெஷினுக்குள் கரண்டு நுழைகிற இடத்தில் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தார். இருநூற்று இருபத்தாறு வோல்ட்.

"இப்ப போடுங்கக்கா."

மகள் பொத்தானை அழுத்தினாள். டிரம் முனகிக்கொண்டு சுற்றியது. ஹீட்டர் பிடித்த கணமே மீட்டரில் எண் சறுக்கியது. நூற்றெண்பது. நூற்றறுபது. நூற்று நாற்பத்தெட்டு. அறைக்குள் எங்கோ, எண்ணெயில் பிளாஸ்டிக் வறுபடுவது போல மெல்லிய சத்தம் கேட்டது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க."

மெஷினுக்கு ஒரு நோயும் இல்லை. அதற்குச் சாப்பாடுதான் வந்து சேரவில்லை. கோளாறு பின்னால், சுவரில். போன தடவையே அவர் இந்த மெஷினை இழுத்துப் பின்னால் பார்த்திருக்க வேண்டும். எந்த டிரையராக இருந்தாலும் பிளக்கையும் சாக்கெட்டையும் பார்க்காமல் வேலை முடிந்ததென்று கையெழுத்து வாங்கக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவரே பாடம் நடத்துவார். ஆனால் அன்றைக்கு மெஷினைச் சுற்றி இதே கூடைகள் இருந்தன. அவற்றைத் தொட வேண்டியிருக்குமே என்று, முன்பக்கமாகவே கையை விட்டு ஃபியூஸை மாற்றி, "துணியக் குறைச்சுப் போடுங்க" என்று ஒரு யோசனையையும் சொல்லிவிட்டுத் தெருவுக்கு ஓடியிருந்தார்.

இப்போது இழுத்தார். மெஷின் வர மறுத்து, பிறகு ஒரு சப்தத்தோடு தரையை விட்டுப் பிரிந்தது. பின்னால் இருந்ததைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மறுபடி பார்த்தார். துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சு ஈரத்தில் ஊறி, ஒரு சாண் உயரத்துக்குச் சாம்பல் நிறக் களியாகச் சேர்ந்திருந்தது. அதில் முடி, கரப்பான் முட்டைகள், எப்போதோ பின்னால் விழுந்து பச்சை பூத்துப்போன ஒரு துடைக்கும் துணி. வெளிச்சம் பட்டதும் கரப்பான்கள் நாலா பக்கமும் ஓடின. ஒன்று அவர் மணிக்கட்டில் ஏறியது. உதறினார்.

அதற்கும் மேலே, சாக்கெட். வெள்ளையாக இருந்திருக்க வேண்டியது தேன் நிறமாகி, நடுவில் கறுத்து, பிளக்கோடு சேர்ந்து உருகி ஒன்றாகப் போயிருந்தது. அதற்கு அரை சாண் கீழேதான் பஞ்சு. மேல் பரப்பில் காய்ந்திருந்த பஞ்சு.

மகளும் எட்டிப் பார்த்தாள். "இது எரிஞ்சிருக்குமா தம்பி?"

"எரிஞ்சிருக்கும்," என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய அப்பாவின் கட்டில். அவர் இருமுவது கேட்டது.

சாக்கெட்டைத் தொடுவதற்கு முன் கரண்டை நிறுத்த வேண்டுமே என்று கூடத்திலிருந்த மெயின் போர்டுக்குப் போனார். அங்கே இன்னொரு கூத்து. டிரையருக்குப் போகிற வயர் மெல்லியது. அதற்குப் பதினாறு ஆம்பியர் பிரேக்கர்தான் இருக்க வேண்டும். இருந்தது முப்பத்திரண்டு.

"இத யாருக்கா மாத்தினது?"

"என் தம்பிதான். அடிக்கடி விழுந்துட்டே இருந்துச்சு. இனிமே விழாதுன்னு ஆளக் கூட்டியாந்து மாத்தினான்."

விழுவதுதான் அதன் வேலை. தாங்க முடியாத கரண்டு ஓடும்போது விழுந்து வீட்டைக் காப்பாற்றுவதற்காகவே அதை வைக்கிறார்கள். கத்துகிற நாயின் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டில் திருட்டு இல்லை என்று தூங்குகிற வேலை இது. பிரேக்கரைக் கீழே தள்ளினார்.

மாடியிலிருந்து உடனே குரல் வந்தது. "அக்கா, ஏசி நின்னுடுச்சு. என்ன பண்றீங்க கீழ?"

மெக்கானிக்கின் கை பிரேக்கர் மேலேயே நின்றது. டிரையரின் பிரேக்கரை அணைத்தால் மாடியில் ஏசி ஏன் நிற்க வேண்டும்? மேலே தள்ளினார். மாடியில் ஏதோ உறுமியது. கீழே தள்ளினார். நின்றது.

திரும்பிப் போய், டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, உருகிய சாக்கெட்டை நெம்பி எடுத்தார். போர்டிலிருந்து வருகிற இரண்டு வயர்களோடு வேறு இரண்டு வயர்களை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப் வெந்து பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. அந்த இரண்டும் சுவரில் குடைந்த ஓட்டை வழியாக நேரே மேலே போயின. மகள் இரண்டு விரிப்பு, இரண்டு விரிப்பாகப் போட்டுக் காத்துக் கிடந்த கரண்டு மாடியை ஜில்லென்று வைத்திருந்தது. காலை ஆறு மணிக்கு டிரையர் ஒழுங்காக ஓடியதன் ரகசியமும் அதுதான். தம்பிக்காரன் கம்ப்யூட்டரைத் திறப்பது ஒன்பது மணிக்கு.

அவன் பாதி மாடிப்படி வரைக்கும் இறங்கி வந்து நின்றான். கைக்குட்டையை மூக்கில் பொத்தியிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரைக்கால் சட்டை.

"எவ்வளவு நேரம் ஆகும்? பதினோரு மணிக்கு எனக்கு மீட்டிங் இருக்கு."

"சார், உங்க ஏசிக்கு இங்கேர்ந்துதான் வயர் போகுது," என்றார் மெக்கானிக். "ரெண்டும் சேர்ந்து இழுத்து சாக்கெட் உருகிப்போச்சு. பிரேக்கரையும் பெருசாக்கிட்டீங்க. வீடு பத்திக்காம இருந்ததே அதிசயம்."

"அது பழைய மெஷின். அதனாலதான் உருகியிருக்கும். நான் எப்பவோ அக்காகிட்ட வேற வாங்கச் சொல்லிட்டேன்."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு."

மகள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே படிக்குக் கீழே வந்து நின்றாள். "எப்ப இழுத்த இந்த வயர?"

"எப்பவோ. ஏசி போட்டப்ப."

"ஏசி எப்ப போட்ட?"

அவன் கைக்குட்டையை எடுக்காமலே பேசினான். "போன வருஷம். அப்பா இப்படி ஆனதுக்கப்புறம். என்ன பண்ணச் சொல்றே? இந்த வாடை அப்படியே மேல வருது. ஜன்னலத் திறக்க முடியல. மூடி வச்சா வேகுது. சாப்பிட முடியல, வேலை பார்க்க முடியல. நானும் மனுஷன்தானே?"

மெக்கானிக்குக் குமட்டியது. இந்தத் தடவை அது மூக்கு வழியாக வந்த குமட்டல் இல்லை. அப்பன் வாடை வராமலிருக்க ஜன்னலை மூடினான். மூடிய அறைக்கு ஏசி போட்டான். அந்த ஏசிக்கு, அப்பனின் விரிப்பைக் காய வைக்கிற கரண்டை உறிஞ்சினான். விரிப்பு காயாமல் வாடை இன்னும் ஏறியது. ஏறின வாடைக்குக் கைக்குட்டை. படியில் நின்ற அந்த மனிதனைப் பார்க்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது. கையிலிருந்த வெந்த டேப்பை அந்தச் சட்டையில் தேய்த்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதே நேரத்தில், மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடிய இன்னொரு ஆளும் நினைவுக்கு வந்தான். அந்த ஆளுக்கு இவருடைய முகம்தான்.

"அக்கா," என்றார், "போன தடவையே நான் இத இழுத்துப் பார்த்திருக்கணும். பார்க்கல. ரெண்டு மாசமா நீங்க பட்ட பாட்டுல பாதி என்னால."

"தெரியும் தம்பி," என்றாள் அவள். குரலில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. "அன்னைக்கு மூச்சப் பிடிச்சுக்கிட்டுத்தானே பேசினீங்க. வர்றவங்க எல்லாரும் அப்படித்தான். சரி, எப்ப ஓடும் இது?"

"வயரு வெந்துபோச்சு. போர்டுலேர்ந்து புதுசா இழுக்கணும். சாமான் வாங்கிட்டு நாளைக்குத்தான் வர முடியும்."

அவள் நான்கு கூடைகளையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படி ஏறினாள்.

"எங்க போறே?" என்றான் தம்பிக்காரன், சுவரோடு ஒட்டிக்கொண்டு.

"உன் ரூம்ல ஃபேன் இருக்குல்ல? அது வேற லைன்தானே? அங்க காயப் போடப் போறேன்."

"அக்கா, எனக்கு மீட்டிங்."

"பேசு. துணி ஒண்ணும் குறுக்க பேசாது."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மெக்கானிக் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு குனிந்து, அந்த மஞ்சள் கறைக் கூடையைத் தூக்கினார். ஈரம் சட்டை வழியாக வயிற்றில் இறங்கியது. வாடை மூக்குக்கு நேராக இருந்தது, மூச்சைப் பிடிக்கவில்லை. பழகிப்போனதால் அல்ல. நாறத்தான் செய்தது. ஏழாவது படியில் ஓங்கரித்துக்கொண்டு வந்ததை விழுங்கிவிட்டு மிச்சப் படிகளை ஏறினார்.

மாடி அறை பளிச்சென்று இருந்தது. வாசனை மெழுகுவர்த்தி ஒன்று, பெரிய திரையோடு இணைத்த லேப்டாப், சுழல் நாற்காலி. மகள் அலமாரிக் கைப்பிடியிலிருந்து ஜன்னல் கம்பிக்குக் கயிறு கட்டினாள். கட்டில் தலைமாட்டில் ஒன்று, நாற்காலியின் மேல் ஒன்று, கதவின் மேல் இரண்டு என்று அப்பாவின் விரிப்புகள் அறையை நிறைத்தன. கடைசியாக ஜன்னலையும் திறந்துவிட்டாள். தம்பிக்காரன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தபடி மீட்டிங்கில் பேசினான்.

மறுநாள் மெக்கானிக் தடித்த வயரும் புது சாக்கெட்டும் சரியான பிரேக்கரும் கொண்டுவந்தார். முதலில் பின்னால் இருந்த களியை முறத்தால் அள்ளி மூன்று பைகளில் கட்டினார். ஒரு மணி நேரம் ஆயிற்று அதற்கே. பிறகு வயரை இழுத்து, மெஷினை ஓட்டிப் பார்த்தார். ஹீட்டர் எரியும்போது இருநூற்றிருபத்தொன்று, அசையவில்லை. ஆறு விரிப்புகளை ஒன்றாகப் போட்டாள் மகள். முக்கால் மணியில் சூடாக வெளியே வந்தன. ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு உள்ளே போய் அப்பாவைப் புரட்டி, அடியில் அதை விரித்தாள். "சுடுதா?" என்று அவள் கேட்பதும், அவர் வாய் குழற "இருக்கட்டும்" என்பதும் கேட்டது.

கருவிப் பையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது தம்பிக்காரன் பின்னாலேயே வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஏசிக்கு ஒரு வயர் போட்டுக் குடுத்துடுங்களேன். அக்காவுக்குத் தெரிய வேணாம்."

வேறு ஆளைப் பாருங்கள் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லிவிட்டால் போதும், ஜென்மத்துக்கும் இந்த முகத்தைப் பார்க்க வேண்டாம். ஆனால் வேறு ஆள் வருவான். ஓட்டை அப்படியேதான் இருக்கிறது. அதே டேப்பைச் சுற்றிவிட்டுப் போவான். சுவருக்கு அந்தப் பக்கம் எழுந்து ஓட முடியாத ஒருவர் படுத்திருந்தார்.

"அக்காவுக்குத் தெரிஞ்சுதான் போடுவேன்," என்றார். "மெயின் போர்டுலேர்ந்து தனி லைன், தனி பிரேக்கர். அந்தப் பழைய ஓட்டைய முதல்ல சிமென்ட் வச்சு அடைப்பேன். இஷ்டம்னா சொல்லுங்க."

தம்பிக்காரன் தலையாட்டினான்.

மகளிடம் சொன்னபோது அவள் தோளைக் குலுக்கினாள். "போடுங்க. என் லைன்ல கை வைக்காம இருந்தாச் சரி."

அன்று மத்தியானம் முழுக்க மெக்கானிக் மாடி அறையில் ஏணி போட்டு நின்று சுவரில் துளை போட்டார். நேற்றைய விரிப்புகளில் இரண்டு இன்னும் காயாமல் கயிற்றில் தொங்கின.

"இந்த நாத்தம் ரூம விட்டுப் போக எத்தனை நாளாகும்?" என்று கீழேயிருந்து கேட்டான் தம்பிக்காரன்.

அவர் துளைத் தூசி விரிப்பில் விழாதபடி அதை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வயரைச் சுவருக்குள் தள்ளினார்.