கோலைத் தொட்டால் கணக்கில்லை

படகு கிளம்புவதற்கு முன்பே என் கணவனின் சிநேகிதன் ஸ்டாஷ் என் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினான். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் கடிக்காதாம். இந்த ஊர் ஆம்பிளைகள் கடவுளை நம்புகிறார்களோ இல்லையோ, இதை நம்புவார்கள்.

"ஒண்ணுமில்லடா. பன்னிக்கறியும் முட்டையும் வச்ச ரொட்டிதான் இருக்கு. அதையும் நீதான் முழுங்கப் போற," என்றேன்.

"வாழைப்பழமே தேவலாம் டோரீன். சுறா பிடிக்கப் போறப்ப எவனாவது பொண்டாட்டியக் கூட்டிட்டு வருவானா?" என்று என் கணவன் லென்னைப் பார்த்தான்.

"நான் எங்கடா கூட்டிட்டு வந்தேன்? அவளா ஏறி உக்காந்துட்டா."

ஆமாம், நானாகத்தான் ஏறி உட்கார்ந்தேன். மார்ச்சில் லென்னுக்கு மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பிய டாக்டர், பனி வாரக் கூடாது, சோபா தூக்கக் கூடாது, மாடிப்படியில் ஓடக் கூடாது என்றெல்லாம் சொன்னார். சுறாவைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. போதாதா? "டாக்டர் சொல்லலையே" என்று இந்த மனுஷன் ஜூன் வரைக்கும் அதே பாட்டைப் பாடினான். ஜூனில்தான் பார்நெகட் கடலில் எங்கள் மீன்பிடி கிளப்பின் சுறாப் போட்டி. லென் இல்லாமல் அது நடந்ததே இல்லை. லென் ஜெயித்ததும் இல்லை.

"சின்னதா நீலச் சுறா வந்தா நான் பிடிக்கிறேன். பெருசா வந்தா ஸ்டாஷ் கையில குடுத்துடறேன். சத்தியம்," என்று சமையலறையில் நின்று சொன்னான். அவன் சத்தியத்தை நம்பித்தான் நான் வீட்டைப் பெயின்ட் அடிக்காமல் இத்தனை வருஷமாக வைத்திருக்கிறேன். அதனால் கூடவே வந்தேன்.

கரை கண்ணுக்கு மறைந்த பிறகு ஸ்டாஷ் இன்ஜினை நிறுத்தினான். சுறாவை வரவழைக்க, அரைத்த மீன் கூழ் வாளியைப் பக்கவாட்டில் கட்டித் தொங்கவிட்டார்கள். நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டேன். எண்ணெய்ப் படலம் படகுக்குப் பின்னால் நீண்டுகொண்டே போக, தூண்டில்களை பலூன் கட்டி மிதக்கவிட்டுக் காத்திருந்தோம். முதல் கடி ஸ்டாஷின் முறை. ஒரு குட்டி நீலச் சுறா வந்தது; பக்கத்தில் இழுத்துப் படம் பிடித்து விட்டுவிட்டான். அடுத்தது லென்னின் முறை.

சிவப்பு பலூன் டப்பென்று உள்ளே போனது. ரீல் அலற ஆரம்பித்தது. லென் தூண்டில் கோலை எடுத்துத் தோள் வார்களில் மாட்டி இடுப்புப் பட்டையில் ஊன்றிக்கொண்ட அதே நேரம், தூரத்தில் அந்த மீன் தண்ணீரை விட்டு முழுசாக மேலே எழும்பியது. ஐயோ, அது மீனா! எங்கள் சமையலறை மேஜை நீளத்துக்கு மேல் இருந்தது.

"மாகோடா! மாகோ!" என்று அந்த முரட்டுச் சுறாவின் பேரைக் கத்திய ஸ்டாஷ், புத்தி கெட்டுப்போய் ரேடியோவையும் எடுத்துச் சொல்லித் தொலைத்தான். அவ்வளவுதான். சுற்றி இருந்த படகுகள் எல்லாம் பேச ஆரம்பித்துவிட்டன. "விடாத லென்!" "இந்த வருஷம் கோப்பை உனக்குத்தான் கிழவா!"

எங்கள் போட்டியில் மீனைக் கொல்வதில்லை. தூண்டில் முனைக் கம்பி படகில் இருப்பவன் கைக்கு எட்டினால் பிடித்ததாகக் கணக்கு; பிறகு கம்பியை வெட்டி விட்டுவிடுவார்கள். ஆனால் அதுவரைக்கும் கோல் ஒரே ஆள் கையில் இருக்க வேண்டும். வேறு யார் கை பட்டாலும் அந்த மீன் கணக்கில் கிடையாது.

"லென், பெருசு வந்தா குடுத்துடறேன்னு சொன்ன," என்றேன்.

"இது நடுத்தரம்தான்டி."

முதலில் ஜோக் அடித்துக்கொண்டே சுற்றினான். மீன் அடியாழத்துக்குப் போய் அங்கேயே கல் மாதிரி நின்றது. அவன் கோலைத் தூக்குவான், கொஞ்சம் சுற்றுவான், அது மறுபடி இழுத்துக்கொண்டு போகும். சட்டை முதுகோடு ஒட்டியது. ஜோக் நின்றது. கல்யாணத்தன்று பாதிரியார் பேசும்போதுகூட வாயை மூடாதவன் லென். உதட்டைப் பார்த்தேன், வெளுத்திருந்தது.

"ஸ்டாஷ், அவன் மூஞ்சியப் பாரு!"

ஸ்டாஷும் பார்த்தான். பயந்துவிட்டான் என்று தெரிந்தது. ஆனாலும், "டேய் லென், போதுமாடா?" என்று மட்டும் கேட்டான்.

ரேடியோவில் யாரோ பாட்டே பாடிக்கொண்டிருந்தான். லென் தலையைத் திருப்பி ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தான்.

நான் எழுந்து போனேன். "டோரீன், தொடாத! தொட்டா எல்லாம் போச்சு!" என்று ஸ்டாஷ் கத்தினான். நான் உள்ளங்கையை விரித்து, ரீலுக்கு மேலே கோலின் மீது நன்றாக அழுத்தி வைத்தேன்.

"அடிப்பாவி! என்ன காரியம்டி பண்ணிட்ட! என் வாழ்நாள் மீன்டி அது!" என்று லென் அலறினான். அலறி முடிப்பதற்குள் கோல் ஸ்டாஷ் கைக்குப் போய்விட்டது. தோள்பட்டை வார்களையும் கழற்றியாயிற்று. லென் ஐஸ் பெட்டி மேல் தொப்பென்று உட்கார்ந்து, நான் நீட்டிய நெஞ்சு மாத்திரையை மறுக்காமல் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

அவன் மணிக்கட்டைப் பிடித்தபடி நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். மெல்ல மெல்ல முகத்தில் ரத்தம் திரும்பியது. "அந்த ரொட்டி மிச்சம் இருக்கா?" என்று கேட்டான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டாஷ் திட்டிக்கொண்டே மாகோவைப் படகோரம் கொண்டுவந்து கம்பியை வெட்டினான். அது நீல முதுகைக் காட்டிவிட்டுக் கீழே போனது. நல்லா இரு தாயே, இந்தப் பக்கம் இனி வராதே என்றேன்.

படகுத்துறையில் கிளப்பே கூடி நின்றது. "இவ மட்டும் கை வைக்காம இருந்திருந்தா!" என்று லென் ஒவ்வொருத்தனிடமும் புலம்பினான். எல்லாரும் என்னைப் பார்த்து ஊளையிட்டார்கள். நான் கும்பிடாத குறையாகத் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன். திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும். திட்டு வாங்கித் தர அவன் உயிரோடு நிற்கிறானே, அது போதும்.

ஆஸ்பத்திரிக்கு நேராக வண்டியை விட்டேன். இதயம் ஒழுங்காக இருக்கிறது என்று சொன்ன டாக்டர், சுறாவும் கூடாது என்று இந்த முறை மறக்காமல் சொன்னார். வெளியே வந்து வண்டியில் ஏறியதும் லென் ஆரம்பித்தான்.

"சின்னச் சுறாவுக்கு அடுத்த வருஷம் போலாம்ல? நீயும் வா."

"எதுக்கு? நான்தான் வாழைப்பழத்தை விட மோசமாச்சே."

அவன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடி என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"வா. ஆனா இன்னும் கொஞ்சம் சீக்கிரமாத் தொடு."