அடிக்காத ஒரு வரி

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் துணி வெளுப்பது என் வேலை. டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளை மூட்டையாகவே மெஷினில் தள்ளி, கொதிக்கவிட்டு எடுப்பேன். வெள்ளிக்கிழமை அந்தப் பாழாப்போன மெஷின் படுத்துவிட்டது. நாற்பது கோட்டையும் கையால் கசக்கணும். முட்டியில் வலி, இடுப்பில் வலி. யாரிடம் போய் அழுவது?

டாக்டர் காமெனோவின் கோட் கைக்கு வந்தது. முப்பது மணிநேர டூட்டி முடித்துக் கழற்றிப் போட்டது. இடது கை நுனி முழுக்கப் பேனாக் கிறுக்கல். லேபிலிருந்து போன் வந்தால் மனுஷனுக்குக் காகிதம் அகப்படாது, கோட்டிலேயே குறித்துக்கொள்வார். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட இப்படிப் பண்ணாது" என்று திட்டிக்கொண்டே ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தேன்.

எழுதியிருந்த எல்லா வரியையும் குறுக்கே அடித்திருந்தார். ஒன்றை மட்டும் அடிக்கவில்லை. "ஆறாம் படுக்கை, பொட்டாசியம் 7.1."

எனக்கென்ன, நான் டாக்டருக்கா படித்திருக்கிறேன்? பஞ்சை நனைத்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். லிஃப்ட் போன வருஷமே செத்துப்போச்சு.

வார்டில் நர்ஸ் ரொசித்சா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "என்ன தோன்கா அக்கா, அழுக்குக் கோட்டை மேலே தூக்கிட்டு வரீங்க? கீழே இடமில்லையா?"

"வாயை மூடிட்டு இதைப் படிடி."

படித்தவள் முகத்தில் ரத்தமே இல்லை. "பார்த்து முடிச்சாத்தான் டாக்டர் அடிப்பார். அப்ப இதைப் பார்க்கவே இல்லையா? ஐயோ அக்கா, இந்த அளவுக்குப் போனா இதயம் நின்னுடும்!"

"ஆறாம் படுக்கை எங்கேடி?"

"ஸ்தானா அம்மா. இப்பத்தான் வீட்டுக்கு அனுப்பினோம். பஸ் பிடிக்கப் போயிட்டாங்க!"

அவள் டாக்டர் வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் படியிறங்கினேன். ஓடினேனா உருண்டேனா, இப்போது கேட்டாலும் தெரியாது. வாசலில் தன்யூப் ஆற்றங்கரைக் கிராமங்களுக்குப் போகும் பஸ் நகர ஆரம்பித்திருந்தது. ஜன்னலோரம் ஸ்தானா, மடியில் பையோடு. பஸ்ஸுக்கு முன்னால் போய்க் கோட்டை விரித்துப் பிடித்து நின்றேன்.

"ஏ கிழவி, சாகணும்னா வேற பஸ்ஸைப் பாரு!" என்று கத்தினான் டிரைவர். "சாகப்போறது நான் இல்லடா, உள்ளே இருக்கிறவ! கதவைத் திற!"

ஸ்தானா பிழைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை டாக்டர் சாக்லேட் பெட்டியோடு கீழே வந்தார். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. பாவமாகத்தான் இருந்தது.

"உங்களாலதான் ஒரு உயிர் பிழைச்சுது அக்கா."

"அது இருக்கட்டும் டாக்டர். இதுக்கு முன்னாடி இப்படி எதையாவது பார்க்க மறந்தது உண்டா?"

தன் கோட்டின் கை நுனியைத் திருப்பிப் பார்த்தார். "எனக்கெப்படித் தெரியும்? மறந்திருந்தாலும், நான் திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள கோட் உங்ககிட்ட வந்துடுமே."

அவர் போனபிறகும் அந்தப் பெட்டியை நான் தொடவில்லை. ஆறு வருஷமாக அவர் கோட்டை வெளுக்கிறேன், வாரத்துக்கு மூன்று. ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை. தோன்கா வெளுத்தால் ஒரு புள்ளிகூட மிஞ்சாது என்று இந்த ஆஸ்பத்திரியே என்னை மெச்சும்.