படையல் பீடி

சுப்புராயன் பீடி குடித்தே செத்தார். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சிதம்பரத்து டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நெஞ்சில் அடையடையாகப் படர்ந்திருந்ததை அவர் பெண்டாட்டி ராசம்மாளுக்கும் தம்பி கொளஞ்சியப்பனுக்கும் காட்டிவிட்டுத்தான் கையை விரித்தார். அப்பேர்ப்பட்ட மனிதருக்குப் பதினாறாம் நாள் படையல். கிள்ளையில் அவர் வீட்டுக் கூடத்தில் தலைவாழை இலை போட்டு, சோறு, வடை, பாயசம், மீன் குழம்பு எல்லாம் வைத்து, நட்டநடுவில் ஒரு கட்டு பீடியும் வைத்திருந்தார்கள். செத்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டுமாம். ஆளையே கொன்றதாக இருந்தாலும் பிடித்தது பிடித்ததுதானே.

கொளஞ்சியப்பனின் மனைவி இருசம்மாளுக்கு அந்த இலையைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. துக்க வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கட்டு பீடி சும்மா இலையில் கிடந்துவிட்டுப் போகட்டும், சாயங்காலம் யாராவது எடுத்துக்கொண்டு போவான், நமக்கென்ன என்று மனதைச் சமாதானப்படுத்தினாள்.

ராசம்மாளின் அண்ணன் ராஜாமணிதான் காரியத்தை முன்னின்று நடத்தினார். சூடம் காட்டி முடித்ததும் கட்டிலிருந்து ஒரு பீடியை உருவி கொளஞ்சியப்பன் பக்கம் நீட்டினார்.

"ஒடம்பொறந்தவன் நீதான் மச்சான். பத்தவெச்சு எலையில வையி. அவரு வந்து குடிச்சுட்டுப் போவட்டும்."

பீடிக்குத் தானாக எரியத் தெரியாது. வாயில் வைத்து இரண்டு இழுப்பு இழுத்தால்தான் கனல் நிற்கும். அந்த இரண்டு இழுப்புதான் இருசம்மாளுக்கு எமன்.

கொளஞ்சியப்பன் கடலூர் சிதம்பரம் பஸ் ஓட்டியவன். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை பீடியில் என்று காலத்தை ஓட்டினான். வலது கால் கட்டைவிரல் கறுத்தபோது செருப்புக் கடி என்றான். ரத்தக் குழாய் அடைத்துவிட்டது, பீடிதான் காரணம் என்று டாக்டர் சொன்னபோதும் நம்பவில்லை. விரல் இரண்டு போன பிறகும் ஆஸ்பத்திரிச் சுவருக்குப் பின்னால் போய்க் குடித்தவன் அவன். "இன்னும் குடிச்சா கணுக்காலோட எடுக்கணும். அப்புறம் முட்டி" என்று டாக்டர் இருசம்மாளைப் பார்த்துச் சொன்னார். பிரேக் மிதிக்க முடியாத டிரைவரை டிப்போவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வைத்தியத்துக்கு நகை போயிற்று, கல்லூரியில் சேர்ந்திருக்க வேண்டிய மகள் இசைவாணி முதுநகர் ஜவுளிக்கடையில் புடவை மடிக்கப் போனாள். குடித்தவன் ஒருத்தன், கட்டியழுதவர்கள் மொத்தக் குடும்பமும்.

போன வருஷம் சட்டம் வந்தது. பொது இடத்தில் புகைத்தால் அபராதம். டிப்போவில் பலகை மாட்டினார்கள். வாசல் டீக்கடையில் பீடி பற்றவைக்க எந்நேரமும் நெருப்போடு தொங்கிக்கொண்டிருந்த கயிற்றைக் கடைக்காரரே அவிழ்த்துப் போட்டார். இதெல்லாம் பத்து நாள் கூத்து என்று ஊர் சிரித்தது. ஆனால் ஒரு பீடிக்காக கேட் தாண்டி ரோட்டுக்கு நொண்டிக்கொண்டு போய் வருவது கொளஞ்சியப்பனுக்குப் பெரும் பாடாக இருந்தது. குறைத்தான். பொங்கலோடு விட்டான். ஆடி வந்தும் தொடவில்லை. இருசம்மாள் நேர்ந்துகொள்ளாத சாமி இல்லை. எந்தச் சாமியும் செய்யாததை ஒரு தகரப் பலகை செய்துவிட்டது. அந்தப் பலகைக்குக் குங்குமம் வைக்கலாமா என்றுகூட அவள் நினைத்ததுண்டு.

ஆனால் பலகை டிப்போவில் இருக்கிறது. கிள்ளைக் கூடத்துக்குள் எந்தச் சட்டம் வரும்?

"இவரு குடிக்கக் கூடாதுண்ணே. ஊதுபத்தில காட்டிப் பத்தவெச்சுக்கலாம்" என்றாள் இருசம்மாள்.

ராஜாமணி முகம் சுளித்தபடி பீடி நுனியை ஊதுபத்தியில் காட்டினார். நுனி கருகி, ஒரு நூல் புகை விட்டு அணைந்தது. மறுபடி காட்டினார். மறுபடி அணைந்தது. பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. செத்தவர் கோபித்துக்கொண்டார், வாங்க மாட்டேன் என்கிறார் என்று ஒருத்தி சொல்ல, அதற்குள் நாலு பேர் ஆமாம் போட்டார்கள். சாமியே வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது சும்மாவா?

ராசம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நாக்கு வறண்டு கேட்டாரே. ஒரே ஒரு பீடி குடுடின்னாரே. இவதான் குடுக்காதக்கா குடுக்காதக்கான்னா. இவ பேச்சக் கேட்டு மனசு ஆறாம அனுப்பிட்டனே."

இருசம்மாளுக்கு நெஞ்சு கொதித்தது. மூச்சுக்குத் தவித்தவருக்குப் புகையைக் கொடுக்காதே என்றது குற்றமாம். அவரை இத்தனை வருஷம் குடிக்க விட்டவர்களெல்லாம் உத்தமர்களாம்.

"ரெண்டு இழுப்புல என்னா ஆயிடும் தங்கச்சி? செத்தவருக்காவத்தான" என்றார் ராஜாமணி.

"கால் போனா நீங்க தருவீங்களாண்ணே?"

கொளஞ்சியப்பன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி அண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் நிறைந்திருந்தது. "குடு மச்சான்" என்று ராஜாமணியிடம் கையை நீட்டினான்.

அவன் கைக்குப் போகும் முன்னே இருசம்மாள் பீடியைப் பிடுங்கினாள். தீக்குச்சியைக் கிழித்தாள். கூடம் முழுக்கப் பார்க்க, பெரியவர்கள் சின்னவர்கள் என்று பாராமல், வாயில் வைத்து இழுத்தாள். தொண்டை எரிந்து குடல் வரை இருமல் பிடுங்கியது. கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட இன்னொரு தடவை இழுத்தாள். கனல் நின்றது. கொண்டுபோய் இலையில் வைத்தாள்.

"ஆச்சா? அவுங்க குடிக்கட்டும்" என்றாள்.

ராசம்மாளின் அழுகைகூட நின்றுவிட்டது. பொம்பளை பீடி குடித்த அதிர்ச்சியில் எல்லார் கண்ணும் அவள் மேலேயே இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, நாளைக்குச் சிதம்பரம் வரைக்கும் இதைத்தான் பேசுவார்கள். பேசட்டும், கால் தப்பியது என்று நினைத்துக்கொண்டு அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

கொளஞ்சியப்பன் படத்தைப் பார்க்கவில்லை. இலைக்கு மேலே முகத்தைத் தாழ்த்தி, கண்ணை மூடி, எழுந்து வந்த புகையை மூக்கு விரிய உள்ளே இழுத்துக்கொண்டிருந்தான். பசித்த பிள்ளை சோற்று வாசனைக்குப் போவதுபோல முகம் இன்னும் கொஞ்சம் கீழே போனது.

ஊரோடு சண்டை போடலாம், ராஜாமணியோடு போடலாம். இதனோடு எப்படிப் போடுவது? இருசம்மாள் தண்ணீர்ச் சொம்பை எடுத்தாள். பீடியின் மேலேயே கவிழ்த்தாள்.

"பீடி குடிச்சா தண்ணி தவிக்கும். குடிக்கட்டும்."

சொய்யென்று அணைந்தது. கொளஞ்சியப்பன் கண்ணைத் திறந்தான். வாய்க்கு வந்த கவளத்தைத் தட்டிவிட்டவளைப் பார்ப்பதுபோல, அத்தனை வெறுப்பாக அவளைப் பார்த்தான்.

"எழுந்திரு மாமா. பஸ்சப் புடிக்கணும்" என்று குனிந்தாள்.

அந்தப் பார்வை மாறாமலே அவன் அவள் தோளைப் பிடித்தான். பிடித்தால்தான் அவனால் எழுந்திருக்க முடியும்.