பூண்டு தின்ற விருந்தாளிகள்

டோரிகாவின் கல்யாணம் பூண்டு வாசனையால் நின்றுபோகப் பார்த்தது. சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை அவள் கட்டிக்கொள்ளப்போகும் இசிகேலியின் வீட்டார், ஊர் வழக்கப்படி திமிங்கிலப் பல்லைச் சீராகக் கொண்டு பெண் கேட்டு வருவதாக இருந்தது. வியாழன் மத்தியானம் இசிகேலி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அம்மா வரமாட்டாளாம். நீ கதவைச் சாத்திக்கிட்டுத் தனியாத் திங்கிறவளாம்."

"நானா?"

"சாயங்காலம் உன் வீட்டைத் தாண்டித்தான் சர்ச்சுக்குப் பாட்டுப் பழகப் போறா. பூண்டு வறுக்கிற வாசனை மூக்கைத் துளைக்குதாம். ஒரு நாளாவது 'சாப்பிட வாங்க'ன்னு குரல் குடுத்தாளான்னு கேக்குறா."

டோரிகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரேவா ஆற்றோரத்து அந்த ஊரில், அடுப்பில் சட்டி இருக்கும்போது வாசலில் போகிறவரைக் கூப்பிடாதவள் திருடியைவிடக் கேவலம். பாவம், அவள் வறுத்தது தனக்கா? போன மழையில் கறிக்கோழிக் குஞ்சுகள் இருமி இருமிச் செத்ததிலிருந்து, பூண்டை வறுத்துப் பொடித்துத் தீவனத்தில் கலக்கிறாள். கதவைச் சாத்தியது ஆற்றுக் காற்றில் அடுப்பு அணையாமல் இருக்க.

"கோழிக்குன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"சொன்னேன். 'கோழிக்குப் பூண்டா? புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணும்'ங்கிறா."

சாயங்காலம் டோரிகா கதவை விரியத் திறந்துவைத்து வாசலில் நின்றாள். இசிகேலியின் அம்மா உலமிலா பாட்டுப் புத்தகத்தோடு வந்ததும் ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்.

"அத்தை, சாப்பிட வாங்க!"

கூப்பிட்ட பிறகு மறுக்க முடியுமா? உலமிலா விறைப்பாக உள்ளே வந்து சட்டியைத் திறந்தாள். அவித்த மரவள்ளிக்கிழங்கு, பக்கத்தில் டின் மீன்.

"பூண்டு எங்கடி?"

"அதைத் தின்ற விருந்தாளிங்க பின்னாடி இருக்காங்க, வாங்க."

கொட்டகையில் கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீவனத்தைக் காலி செய்துகொண்டிருந்தன. உலமிலா ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். ஒரு கொழுத்த வெள்ளைக் கோழி அவள் விரலையும் சேர்த்துக் கொத்தியது.

"அடிப்பாவி, நெசந்தான்!"

சிரிக்க ஆரம்பித்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தீவன மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். டோரிகாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஆனாலும் ஓரக்கண்ணால் அத்தையையே பார்த்தாள். சனிக்கிழமையைப் பற்றி அத்தை இன்னும் வாய் திறக்கவில்லையே.

உலமிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரலைக் கொத்திய கோழியைக் காட்டினாள்.

"இதை எவனுக்கும் வித்துடாதே. சனிக்கிழமை நாங்க வர்றப்போ இதைத்தான் சமைக்கணும்."

"சரி அத்தை!"

"பூண்டு மட்டும் போட்டுடாதே. அதெல்லாம் அது ஏற்கெனவே தின்னுடுச்சு."